எதுக்கும் ரெண்டு காபி!

போன மாதம் என் பிளஸ் டூ மார்க் ஷீட் தொலைந்துபோயிற்று. தொலைத்தது நான், தேடியது மனைவி, திட்டு வாங்கியது மறுபடி நான். அதற்கு ஒரு அஃபிடவிட் வேண்டும் என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலத்தில் பத்து நிமிஷம் நின்று (பஸ்ஸும் நின்றது, நானும் நின்றேன்), ஒருவழியாகத் திருச்சி கோர்ட் வாசலில் இறங்கினேன்.

நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷினிடம் முப்பது வயசு மதிக்கத்தக்க ஓர் ஒல்லி இளைஞர்.

“ஒரு காபி போதும் தம்பி.”

“எதுக்கும் ரெண்டா எடுத்துக்குங்க சார். ரெண்டாவதுக்குக் காசு வேணாம்.”

ஜெராக்ஸ் கடையில் இலவசமா! திருச்சியில் நான் கேள்விப்படாத சமாசாரம். ‘ஏன்?’ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து லாமினேட் செய்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். கார்பன் பிரதியின் ஜெராக்ஸ். மசமசவென்று எழுத்து. தலைப்பில் ‘கைப்பற்றுதல் மகஜர்’ என்பது மட்டும் தெரிந்தது.

“இந்தப் பேப்பர் முன்னாடியே கெடச்சிருந்தா நான் உள்ள போயிருக்க மாட்டேன் சார்” என்றார்.

கடையில் கூட்டமில்லை. நானும் ஆபீசுக்கு லீவு. கதையைக் கேட்டேன். பெயர், ஊர், எந்த ஸ்டேஷன் எதுவும் எழுதப்போவதில்லை. அவர் இன்னும் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவர் ஒரு லாட்ஜில் நைட் டியூட்டி ரூம் பாய். ஒரு நாள் ராத்திரி இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் செயின் திருட்டு. ‘இவரைப் பார்த்த மாதிரி இருந்தது’ என்று ஒரு சாட்சி. பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க இவர் லாட்ஜில்தான் இருந்தார். வந்த பார்ட்டிகளை மணிவாரியாக ரெஜிஸ்டரில் எழுதியதே இவர்தான். அந்த ரெஜிஸ்டரைப் போலீஸே வந்து எடுத்துக்கொண்டு போனது. ஆனால் கோர்ட்டுக்குப் போன கட்டில் அது இல்லை. வக்கீல் கேட்டபோது, ‘அப்படி ஒண்ணும் நாங்க கைப்பற்றல’ என்று பதில் வந்தது. இரண்டு வருஷம் தண்டனை. அப்பீல் போட்டாலும் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. ஏழு மாதம் உள்ளே.

லாட்ஜ் முதலாளி ஒரு நாள் பழைய கரண்ட் பில் தேடும்போது, அந்தக் கட்டுக்குள்ளிருந்து விழுந்தது இந்த மகஜர். ரெஜிஸ்டரை எடுத்தபோது போலீஸே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நகல்! செஷன்ஸ் கோர்ட் கேட்டதும் ஸ்டேஷன் பரணிலிருந்து ரெஜிஸ்டர் தூசி தட்டிக்கொண்டு வந்தது. விடுதலை.

“அப்புறம் கேஸ் போடலையா? நஷ்ட ஈடு கேட்கலையா?” என்றேன்.

“போடலாம்னே ஒரு வருசம் கழிச்சுத்தான் சார் தெரிஞ்சுது.”

மேலே கேட்பதற்குள் ஒரு வக்கீல் குமாஸ்தா நாற்பது பக்கக் கட்டோடு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வடக்கு உத்திர வீதி மாமாவைத் தேடிப் போனேன். முப்பத்துநாலு வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டம் படித்தவரில்லை. ஆனால் சட்டம் படித்தவர்கள் எங்கே தப்பு பண்ணுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு வருஷம் கழிச்சு வந்தானாமா? போச்சு போ!” என்றார், கதையைக் கேட்டவுடனே. “லிமிடேஷன் ஆக்ட், 1963. எழுபத்துநாலாவது ஐட்டம். பொய் கேஸ் போட்டு வதைச்சான்னு நஷ்ட ஈடு கேக்கணும்னா, விடுதலையான தேதியிலேர்ந்து ஒரே வருஷம். ஒருத்தன் கைமாத்து வாங்கிண்டு ஏமாத்தினாக்கூட கோர்ட்டுக்குப் போக மூணு வருஷம் குடுக்கறது சட்டம். ஆயுசுல பாதியைத் தொலைச்சவனுக்கு ஒரு வருஷம்தான்.”

“வெளியில வந்தவன் முதல்ல சோத்துக்கு வழி பார்ப்பானா, வக்கீலைப் பார்ப்பானா மாமா?”

“அதைப் பார்லிமென்ட்ல போய்க் கேளு. நான் பெஞ்ச் கிளார்க்.”

அந்த ஒரு வருஷத்துக்குள் வந்திருந்தாலும் வழி ஒன்றும் காவிரிப் பாலம் மாதிரி நேராக இல்லை. மாமா விரல் விட்டு எண்ணினார். ஒன்று, அவர்கள்தான் வழக்கை நடத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு, வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். மூன்று, வழக்குப் போட நியாயமான காரணமே இல்லை என்று காட்ட வேண்டும். நான்கு, கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று காட்ட வேண்டும். இந்த நாலாவதில்தான் பெரும்பாலானவர்கள் கவிழ்கிறார்கள். மனசுக்குள் இருக்கும் கெட்ட எண்ணத்துக்கு மகஜர் எழுதி வைப்பவர் யார்?

சர்க்கார் மேல் சிவில் வழக்கு என்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ் வேறு. சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவு. கண்ணகி பாண்டியனுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்திருந்தால் மதுரை தப்பித்திருக்கும்.

வேடிக்கையாகச் சொன்னேனே தவிர, நம் ஊரில் இந்த வகை வழக்குக்குத் தாய் அவள்தான். உண்மையான திருட்டுச் சிலம்பைப் பொற்கொல்லன் மறைத்துவிட்டான். விசாரணை கிடையாது, கோவலன் தலை போயிற்று. கண்ணகி சபைக்குப் போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்து இல்லை, மாணிக்கம். மறைத்து வைத்த உண்மை வெளியே வந்ததும் ராஜா, ‘இறையாண்மை, நான் பொறுப்பில்லை’ என்று வாதாடவில்லை. அங்கேயே உயிரை விட்டான்.

பிற்கால ராஜாங்கம் அவ்வளவு ரோஷக்காரனில்லை. 1947-ல் மீரட்டுக்குத் தங்கம் விற்க வந்த ஒரு வியாபாரியைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். நூறு தோலாவுக்கு மேல் தங்கத்தை வாங்கி ஸ்டேஷன் பொருள் அறையில் வைத்தார்கள். பாதுகாக்க வேண்டிய ஹெட் கான்ஸ்டபிளே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரி கேஸ் போட்டார். கஸ்தூரிலால் வழக்கு. ‘கைது செய்வதும் சொத்தைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைக் காரியம். அதில் ஊழியர் செய்த தப்புக்கு அரசு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை’ என்று சுப்ரீம் கோர்ட் கையை விரித்துவிட்டது. பத்திரிகைகளும் சட்டப் புத்தகங்களும் இதை 1965-ஆம் வருஷத் தீர்ப்பாகக் குறிப்பிடுகின்றன.

அந்தச் சுவரில் முதல் ஓட்டை விழுந்தது 1983-ல். பீகாரில் ரூதுல் ஷா என்பவர் 1968 ஜூனில் விடுதலையாகிவிட்டார். வெளியே விட்டது 1982 அக்டோபரில். பதினாலு வருஷம்! ராமர் போனதாவது காட்டுக்கு. சுப்ரீம் கோர்ட் இடைக்கால நஷ்ட ஈடாக மொத்தம் 35 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மாசத்துக்கு வகுத்தால் இருநூறு ரூபாய்ச் சொச்சம். ஆனால், அடிப்படை உரிமை போனால் ரிட் மனுவிலேயே அரசிடம் பணம் கேட்கலாம் என்ற கதவு அதில்தான் திறந்தது.

“அந்த ரெஜிஸ்டர் விஷயத்துக்கு வாங்கோ மாமா. போலீஸ் ஒரு காகிதத்தை மறைச்சா, அது இருக்குன்னே நமக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

மாமா விசிறியைக் கீழே வைத்தார். இது அவர் பேட்டை.

“போலீஸ் கோர்ட்ல ரெண்டு வகைக் கட்டு இருக்கும்டா. அவாளுக்குத் தோதானது ஒண்ணு. அதுக்கு நகல் உனக்கு இலவசமாக் குடுத்தாகணும். இப்போ 2024 ஜூலைலேர்ந்து வந்திருக்கே புதுச் சட்டம், வாயில நுழையாத பேரு, அதுல 230-ஆவது பிரிவு. ஆஜரான பதினாலு நாளைக்குள்ள குடுக்கணும். இன்னொண்ணு, அவாளுக்கு வேண்டாம்னு ஒதுக்கினது. உனக்கு வேண்டியது பெரும்பாலும் அதுலதான் இருக்கும்.”

அந்த இரண்டாவது கட்டுக்கான சாவி எந்த வழக்கில் கிடைத்தது தெரியுமா? தமிழ்நாடே டீக்கடையில் அலசிய சொத்துக் குவிப்பு வழக்கில். பெங்களூரு தனிக் கோர்ட்டில் வி.கே. சசிகலா, ‘போலீஸ் கைப்பற்றிக் கோர்ட்டில் ஒப்படைத்த, ஆனால் சாட்சியமாகக் குறியிடாத ஆவணங்களைப் பார்க்க வேண்டும்’ என்று கேட்டார். சுப்ரீம் கோர்ட் 2012 செப்டம்பரில் ‘பார்க்கலாம்’ என்றது. நியாயமான விசாரணை என்றால், போலீஸ் எதை நம்பியது என்பது மட்டுமில்லை, எதை ஒதுக்கியது என்பதும் எதிரிக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் சாரம். அவருக்கு அது பெரிதாக உதவவில்லை. 2017-ல் தண்டனை உறுதியானது. ஆனால் அந்தத் தீர்ப்பு, கட்சி பேதமில்லாமல் லாட்ஜ் ரூம் பாய்க்கும் சேர்த்துத்தான்.

2021-ல் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போய், போலீஸ் கைப்பற்றி வைத்துக்கொண்டு பயன்படுத்தாத ஆவணம், பொருள், வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும் என்று மாதிரி விதி போட்டது. ‘எங்கள் மாநிலத்தில் விதி இன்னும் ஏறவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2022-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆக, பட்டியலைக் கேட்பது இன்றைக்கு உரிமை. கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இதே சமாசாரம் 1963-லேயே வந்துவிட்டது. பிரேடி வழக்கு. எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. மறைத்த போலீஸ் மேல் சிவில் வழக்குப் போட 1871-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோடிக் கணக்கில் டாலர் வாங்கியவர்கள் உண்டு.

‘அப்போ அமெரிக்கா சொர்க்கம்’ என்று பெருமூச்சு விடாதீர்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜான் தாம்ஸன் என்று ஒருவர். அவர் மேல் ஒரு வழிப்பறி கேஸ், ஒரு கொலை கேஸ். வழிப்பறிக்காரன் ரத்தம் ‘பி’ குரூப் என்று ஆய்வக ரிப்போர்ட் இருந்தது. தாம்ஸன் ‘ஓ’ குரூப். சர்க்கார் வக்கீல் ஆபீஸ் அந்த ரிப்போர்ட்டை வெளியே விடவில்லை. 1999-ல், மரண தண்டனைக்குச் சில வாரம் இருக்கும்போது ஒரு துப்பறிபவர் கண்ணில் அது பட்டது. 2003-ல் மறு விசாரணை. ஜூரிகள் விடுதலை சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தைந்து நிமிஷம். ஜெயிலில் பதினெட்டு வருஷம், அதில் பதினாலு வருஷம் மரணக் கொட்டடியில். சிவில் ஜூரி வருஷத்துக்கு ஒரு மில்லியன் மாதிரி 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. ‘ஒரு தடவை தப்பு நடந்ததால் ஆபீஸே பொறுப்பு என்று சொல்ல முடியாது’ என்றார்கள். அந்தத் தொகையில் ஒரு காசு கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் ஜெயித்தவர் ஒருவர் உண்டு. நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன். 1994 நவம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் கேரள போலீஸ் கைது செய்தது. ஐம்பது நாள் உள்ளே இருந்தார். சி.பி.ஐ. விசாரித்துவிட்டு 1996-ல் எல்லாம் பொய் என்றது. தண்டனை என்ன, விசாரணைக்கே போகாத வழக்கு. அதற்கே அவர் கால் நூற்றாண்டு நடந்தார். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. திருவனந்தபுரத்தில் அவர் போட்ட சிவில் வழக்கு தனி. அதைச் சமரசமாக முடித்து, 2020-ல் கேரள அரசு 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது. பணத்தைவிட முக்கியமானது, 2018 தீர்ப்பிலேயே இன்னொரு வரி. இதைச் செய்த அதிகாரிகள் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று பார்க்க, ஓய்வு பெற்ற நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் ஒரு குழு.

எல்லோருக்கும் அது வாய்க்காது. குஜராத் அக்ஷர்தாம் வழக்கில் பத்து வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்து 2014-ல் நிரபராதி என்று வெளியே வந்தவர்கள் நஷ்ட ஈடு கேட்டார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட், ‘விடுதலையானவர்களுக்கெல்லாம் நஷ்ட ஈடு என்றால் அது ஆபத்தான முன்னுதாரணம்’ என்று மறுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று, நம் தேனி மாவட்டத்திலிருந்தே. 2011-ல் சுருளி அருவிப் பக்கம் இரட்டைக் கொலை. ஒருவருக்கு 2018-ல் தூக்கு. மதுரைக் கிளை 2019-ல் உறுதி செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் எடுத்ததிலிருந்து ஆய்வகம் போகும்வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்ற சங்கிலியே அறுந்திருந்தது. அந்தத் தீர்ப்பின் கடைசியில் நீதிபதிகள் அமெரிக்க நஷ்ட ஈட்டுச் சட்டங்களையே எடுத்துச் சொல்லி, ‘இங்கே இதற்குச் சட்டம் போட வேண்டியது நாடாளுமன்றம்’ என்று எழுதினார்கள். சட்டக் கமிஷன் 2018-லேயே 277-ஆவது அறிக்கையில் ஜில்லாவுக்கு ஒரு தனிக் கோர்ட் வைத்து நஷ்ட ஈடு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அறிக்கை இருக்கிறது. பரணிலிருந்து அதை யார் எடுப்பது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சிவில் வழக்குக்குக் காலம் தாண்டிவிட்டாலும், மதுரைக் கிளையில் ரிட் போட்டுப் பார்க்கலாம், கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி இருக்கிறது என்று ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன்.

“எவ்ளோ கேக்கலாம் சார்?”

“ஒரு பத்து லட்சம்?”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி மேல் வைத்த காகிதத்தை நேராக்கினார்.

“பத்து ரூபா குடுத்தாலும் போதும் சார். ஆனா யாரு குடுத்தாங்கன்னு பேர் போட்டுக் குடுக்கணும். எந்தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றவங்க, ‘விடுதலைன்னா என்ன, சாட்சி பத்தாம விட்டிருப்பாங்க’ங்கறாங்க. நான் திருடலன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அந்த நோட்ட ஒளிச்சு வச்சது யாருன்னு எவனும் சொல்லலயே!”

முப்பத்துநாலு வருஷம் கோர்ட்டில் இருந்த மாமாகூட எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. விடுதலைத் தீர்ப்பு ‘நீ செய்யவில்லை’ என்கிறது. சிவில் வழக்குத்தான் ‘உனக்கு இதைச் செய்தது யார்?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் ஒரு வருஷக் கெடு, இரண்டு மாத நோட்டீஸ், கோர்ட் ஃபீஸ் எல்லாம்.

உங்களுக்கோ உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கோ இப்படி ஒரு நிலைமை வரவே வேண்டாம். வந்தால் மூன்று விஷயம். போலீஸ் எதையாவது எடுத்துக்கொண்டு போனால் மகஜர் நகல் கேட்டு வாங்குங்கள். வழக்கு ஆரம்பித்ததும், அவர்கள் ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலைக் கேட்டு வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். விடுதலை ஆனால், ஸ்வீட் வாங்குகிற அன்றைக்கே காலண்டரில் தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு வருஷம் எண்ணுங்கள்.

ரிட் போட மதுரைக்கு நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். “ஒரு நா லீவு போட்டா சம்பளம் போயிடும் சார், பாக்கலாம்” என்றிருக்கிறார். தீபாவளிக் கூட்டம் முடியட்டும், மறுபடி கேட்பேன்.

கிளம்பும்போது என் நோட்டிலிருந்த பக்கங்களைக் கேட்டு வாங்கினார். மெஷினில் வைத்தார். வெளிச்சம் ஒரு தடவை ஓடியது. இன்னொரு தடவையும் ஓடியது.

ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை மடித்து, அந்த மகஜரோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.